கீரையும் நெல்லிக்காயும் சேர்ந்தால்

"தினமும் கீரைதான் சாப்பிடுறேன்; அப்பவும் ரத்தம் கம்மின்னு சொல்றீங்களே, ஏம்மா?" என்று கர்ப்பிணிகள் செவிலியரைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

கீரையில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் அதில் ஒரு சிறு பங்கைத்தான் நம் உடல் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் மலத்தோடு போய்விடும். அதே வேளைச் சாப்பாட்டில் வைட்டமின் 'சி' சேர்ந்தால் கூடுதலான இரும்பு ரத்தத்தில் சேரும். ஆரஞ்சுப் பழத்தைவிடப் பல மடங்கு 'சி' நமது பெருநெல்லிக்காயில் இருக்கிறது. கொதிக்க வைத்தால் அது குறைந்துவிடும். ஆகவே கீரையை வேகவைத்து, நெல்லிக்காயைப் பச்சையாகச் சேருங்கள்.

நாலு பேருக்கு முளைக்கீரையோ அரைக்கீரையோ ஒரு கட்டு, பெரிய நெல்லிக்காய் 3, சின்ன வெங்காயம் 5, தேங்காய்த் துருவல் இரண்டு கைப்பிடி போதும். கீரையின் வேரை நறுக்கி எறிந்துவிட்டு, அகலமான பாத்திரத்தில் தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று முறையாவது அலசுங்கள். சாக்கடைத் தண்ணீர் பாய்ந்த கீரையில் பூச்சி முட்டைகள் ஒட்டியிருக்கும்; கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் கர்ப்பிணிகளுக்குப் பச்சைக் கீரை வேண்டாம் என்கிறோம். அலசிய பிறகே நறுக்கவேண்டும். நறுக்கிவிட்டு அலசினால் சத்து தண்ணீரோடு போகும். இட்லித் தட்டில் வைத்து ஐந்து நிமிடம் ஆவியில் வேகவிட்டு ஆறவையுங்கள்.

பச்சையாகச் சேர்ப்பவை நெல்லிக்காயும் வெங்காயமும். இவற்றைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கழுவுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அரிவாள்மணையையும் மறக்கவேண்டாம்.

இனி மேலே ஊற்றும் சாறு. அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி, மிளகுத்தூள், சீரகத்தூள், கொஞ்சம் உப்பு சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். "பச்சடிக்கு எதுக்கு எண்ணெய்?" என்று மாமியார் கேட்டால், கீரையில் உள்ள 'ஏ' சத்து உடம்பில் சேர எண்ணெய் வேண்டும் என்று சொல்லுங்கள். தாளிக்கத் தேவையில்லை.

நெல்லிக்காயைத் துருவி எல்லாவற்றையும் எவர்சில்வர் பாத்திரத்தில் கலந்து அப்போதே பரிமாறுங்கள். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிப்பு ஆகாது. காலையில் கலந்ததை ராத்திரிக்கு வைக்கவேண்டாம்.

சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். அவை இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். (இதுதான் பலருக்குக் கஷ்டமாக இருக்கிறது, தெரியும்!)

இந்தப் பச்சடி மாத்திரைக்கு ஈடாகாது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் அது ரத்தசோகை. கண் இமையின் உள்பக்கம் வெளுத்திருப்பது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது, மண்ணோ பச்சரிசியோ தின்ன ஆசை வருவது இதன் அறிகுறிகளாக இருக்கலாம். பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் இப்படிப்பட்ட தாயின் உயிருக்கே ஆபத்து. குழந்தையும் எடை குறைந்து பிறக்கக்கூடும். நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக, குறைந்தது 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடவேண்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்படவேண்டாம். மாத்திரையால் வருவது அது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையை இதோடு சேர்த்துப் போடாமல் வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லிக்காய் கிடைக்காத மாதங்களில் கொய்யாக்காயை நறுக்கிப் போடலாம். மாங்காய்க் காலத்தில் பிள்ளைகள் மாங்காய்த் துருவலைத்தான் கேட்பார்கள், அதுவும் நல்லதே.