பணம் கொடுத்தாச்சு, வாரண்ட் ஏன் வந்தது?

கேள்வி: நான் தங்கவயல் மாரிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா சுரங்கத் தொழிலாளி. இப்போது எனக்குப் பெங்களூரில் வேலை. 2017-இல் தங்கை கல்யாணத்துக்காக ஒருவரிடம் இரண்டு லட்சம் கடன் வாங்கி, செக் கொடுத்திருந்தேன். செக் திரும்பியதும் அவர் ராபர்ட்சன்பேட்டை கோர்ட்டில் கேஸ் போட்டார். 2018-இல் ஆஜராகி ஜாமீன் எடுத்தேன். என் மாமாதான் பேத்தமங்கலா பக்கத்து நிலத்தின் பஹணியை (நில உரிமைப் பதிவேட்டு நகல்) காட்டி ஜாமீன் கையெழுத்துப் போட்டார். ஐந்தாறு வாய்தாவுக்குப் போனேன். 2020-இல் கொரோனா வந்தது. என் வக்கீலும் அந்தச் சமயத்தில் தவறிவிட்டார். 2021-இல் கடன் கொடுத்தவரை நேரில் பார்த்து 1,80,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்துத் தீர்த்துக்கொண்டேன். “கேஸை நான் வாபஸ் வாங்கிக்கறேன், நீ இனி வர வேண்டாம்” என்றார். போன மாதம் சுரங்கக் குடியிருப்பிலுள்ள எங்கள் பழைய லைன் வீட்டுக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்து என்னை விசாரித்திருக்கிறார். தெரிந்தவர் ஒருவர், “பென்ச் வாரண்ட் இருக்கும். பதினைந்தாயிரம் கொடு, ஸ்டேஷனிலேயே முடித்துவிடலாம்” என்கிறார். வாரண்ட் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கோர்ட்டுக்குப் போனால் உள்ளே போட்டுவிடுவார்களா? கேஸ் நம்பர் கூட என்னிடம் இல்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோலார் தங்கவயல்

பதில்: நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். தங்கையின் கல்யாணம், கொரோனா, வேலை மாற்றம் எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். முடிவைத் தீர்மானிக்கிற விஷயம் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது: கடன் கொடுத்தவருக்குப் பணம் கொடுத்தீர்கள், அதைக் கோர்ட்டில் யாரும் பதிவு செய்யவில்லை.

வாரண்ட்டைப் போடுவது நீதிபதி. அதை ரத்து செய்யக்கூடியவரும் அவர்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 70(2)-ஆம் பிரிவின்படி, ஒரு வாரண்ட் நிறைவேற்றப்படும் வரை, அல்லது அதைப் பிறப்பித்த கோர்ட் ரத்து செய்யும் வரை உயிரோடு இருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இதே விதி 72-ஆம் பிரிவாக இருக்கிறது. உங்கள் வழக்கு அந்தத் தேதிக்கு முன்பே விசாரணையில் இருந்ததால் பழைய சட்டத்தின்படியே நடக்கும். எந்தச் சட்டமானாலும் வாரண்ட்டுக்கு ‘இத்தனை வருடம் கழித்துக் காலாவதி’ என்று ஒன்று கிடையாது. கடன் கொடுத்தவர் மன்னித்தாலும், ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தாலும், ஸ்டேஷனில் யாராவது “சரி, போங்க” என்றாலும் அது ரத்தாகாது.

ஆகவே அந்தப் பதினைந்தாயிரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். வாரண்ட்டை முடித்துவைக்கும் அதிகாரம் ஸ்டேஷனுக்குக் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு அதிகபட்சம் “ஆள் கிடைக்கவில்லை” என்று எழுதித் திருப்பி அனுப்பலாம். அப்படித் திரும்பத் திரும்ப எழுதினால் வழக்கு 82-ஆம் பிரிவின் பிரகடனம், அதாவது ஆஜராகச் சொல்லும் பகிரங்க அறிவிப்பு வரை போகும். அதற்குப் பிறகும் வராதவர் மீது தனியாக இன்னொரு குற்ற வழக்கே தொடரலாம். லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்திருக்கிறீர்கள். ரசீது இல்லை, சாட்சி இல்லை, ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி கூட இல்லை. அந்த செக்கையாவது திருப்பி வாங்கினீர்களா என்றால், அது கோர்ட் ஃபைலில் இருக்கிறது என்கிறீர்கள். “வாபஸ் வாங்கிக்கறேன்” என்ற வார்த்தையை நம்பி ஐந்து வருடமாகக் கோர்ட் வாசலை மிதிக்கவில்லை. வக்கீல் தவறிய துக்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் அவருடைய குமாஸ்தாவையோ ஜூனியரையோ ஒரு தடவை பார்த்திருந்தால் ஃபைல் கிடைத்திருக்கும், கேஸ் நம்பர் கிடைத்திருக்கும். வக்கீல் இல்லை என்பதற்காகக் கோர்ட் வழக்கை நிறுத்தி வைக்காது. சம்மன், ஜாமீன் உத்தரவு, பழைய வாய்தாச் சீட்டு என்று ஒரு தாளும் உங்களிடம் இல்லை. மளிகைக் கடை பில்லைக் கூட இதைவிடக் கவனமாக வைத்திருப்பீர்கள்.

சட்டப்படி பார்த்தாலும் அந்த ரொக்கம் உங்களைத் தானாகக் காப்பாற்றாது. செக் திரும்பிய நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டியிருந்தால் வழக்கே வந்திருக்காது. அதற்குப் பிறகு கட்டினால், புகார்தாரர் கோர்ட்டில் சமரசத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். செலாவணி முறிச் சட்டத்தின் 147-ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. அவர் ஒப்புக்கொண்டாரா? எனக்குச் சந்தேகம். தனிநபர் புகாரில் வாரண்ட் அனுப்பப் புகார்தாரர் தரப்புதான் ‘பிராசஸ் ஃபீஸ்’ கட்ட வேண்டியிருக்கும். “பி.எஃப். கட்டினால் என்.பி.டபிள்யூ.”, அதாவது அந்த ஃபீஸைக் கட்டினால் பிடிவாரண்ட், என்று ஆர்டர் ஷீட்டில் எழுதுவது வழக்கம். புகார்தாரர் தொடர்ந்து வராமலே இருந்தால் வழக்கு தள்ளுபடியாகவும் வழி உண்டு. இத்தனை காலம் கழித்தும் போலீஸ் வருகிறது என்றால், யாரோ இந்த வழக்கை விடாமல் நடத்துகிறார்கள் என்றுதான் முதலில் எண்ணிக்கொள்ள வேண்டும்.

இனி வாரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் வழி. ‘பென்ச் வாரண்ட்’ என்ற பெயரைச் சட்டப் புத்தகத்தில் தேடாதீர்கள். வாய்தாவுக்கு வராதவரை அழைத்து வர நீதிபதி போடும் வாரண்ட்டைப் பேச்சுவழக்கில் அப்படிச் சொல்கிறோம். அதில் ஜாமீன் எழுதிக் கொடுத்தால் போலீஸே விடக்கூடியது ஒரு வகை. பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தியே ஆக வேண்டியது இன்னொரு வகை. உங்களுக்கு இரண்டாவதுதான் வந்திருக்க வாய்ப்பு.

போனில் இ-கோர்ட்ஸ் செயலியைத் திறந்து கர்நாடகா, கோலார் மாவட்டம், கே.ஜி.எஃப். கோர்ட் வளாகம் என்று தேர்ந்தெடுங்கள். கேஸ் நம்பர் இல்லாவிட்டாலும் பெயரையும் வழக்குப் பதிவான வருடத்தையும் போட்டுத் தேடலாம். இங்கேதான் நம் தங்கவயல்காரர்கள் தடுக்கி விழுகிறார்கள். வீட்டில் நாம் தமிழில் சொல்லும் பெயரைக் கோர்ட்டில் கன்னடம் வழியாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். ஒரு எழுத்து மாறினாலும் “பதிவு இல்லை” என்று வரும். உடனே நிம்மதியாகப் போனை மூடிவிடாதீர்கள். பெயரின் முதல் நாலைந்து எழுத்தை மட்டும் போடுங்கள். 2017, 2018 இரண்டு வருடத்திலும் தேடுங்கள். புகார்தாரர் பெயரிலும் தேடுங்கள். கிடைத்ததும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கின் வரலாற்றில் ஒவ்வொரு வாய்தா தேதியையும் தொட்டால் அன்றைக்கு நடந்தது தெரியும். கன்னடத்தில் ‘ஆரோபி கைருஹாஜரு’ என்று இருந்தால் ‘எதிரி வரவில்லை’ என்று அர்த்தம். பக்கத்தில் என்.பி.டபிள்யூ. என்று இருந்தால் பிடிவாரண்ட். எல்.பி.சி. என்று இருந்தால் வழக்கை நீண்டகால நிலுவைப் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பொருள். முடிந்துவிட்டது என்று பொருளல்ல.

செயலியில் எல்லாம் அன்றன்றே ஏறுவதில்லை. அதில் வாரண்ட் தெரியாததால் வாரண்ட் இல்லை என்று ஆகாது. ஒரு வக்கீல் வக்காலத்துப் போட்டு, ஆர்டர் ஷீட்டைப் பார்த்து, சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுவதுதான் உறுதியான வழி. ஸ்டேஷனுக்குத் தனியாகப் போய் “என் மேல் வாரண்ட் இருக்கா சார்?” என்று கேட்க வேண்டாம். இருந்தால் உங்களை அங்கேயே உட்கார வைப்பது அவர்கள் கடமை.

“உள்ளே போட்டுவிடுவார்களா?” என்ற கேள்விக்கு நூற்றுக்கு நூறு பதில் எந்த வக்கீலும் சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். செக் வழக்கு ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். ‘நான்-பெயிலபிள்’ என்ற அடைமொழி வாரண்ட்டுக்கு உரியது, குற்றத்துக்கு அல்ல. இதனால்தான் முன்ஜாமீன் மனுவும் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் ஒரு முறை ஜாமீன் வாங்கி வாய்தாவுக்கு வராமல் போனவருக்கு மறுபடி ஜாமீன் மறுக்க குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 436(2)-ஆம் பிரிவு கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுக்கிறது. தானாக வந்து நிற்பவரையும், போலீஸ் பிடித்து வந்து நிறுத்துபவரையும் நீதிபதி ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. உங்கள் கையில் மிச்சம் இருக்கும் நல்ல சீட்டு இது ஒன்றுதான். லைன் வீட்டுக்கு வந்த போலீஸ்காரர் நாளைக்குப் பெங்களூர் கம்பெனி வாசலுக்கு வந்தால் அதுவும் போய்விடும்.

வக்கீல் செய்யப்போவது இதுதான். அடுத்த வாய்தா தூரத்தில் இருந்தால் வழக்கை முன்கூட்டி எடுக்க மனு. வாரண்ட்டை ரத்து செய்ய 70(2)-இன் கீழ் ரீகால் மனு. கூடவே, வராத காரணத்தை விளக்கும் பிரமாணப் பத்திரம். அதில் பொய்யான மருத்துவச் சான்றிதழ் செருகாதீர்கள். வக்கீல் காலமானது, வேலை மாறியது, சமரசம் ஆனதாக நம்பியது, இவை உண்மை, உண்மையே போதும். முதலில் சம்மன், பிறகு ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட், கடைசியாகத்தான் பிடிவாரண்ட் என்ற வரிசையை 2007-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. அந்த வரிசை உங்கள் வழக்கில் நடந்ததா என்று வக்கீல் பார்க்கட்டும். அதை நம்பி நீங்கள் வீட்டில் இருந்துவிடாதீர்கள். மனு எடுக்கும்போது நீங்கள் கூண்டருகே நிற்க வேண்டும். விடுமுறைக்கு முந்தைய நாளையோ மாலை நேரத்தையோ தேர்ந்தெடுக்காமல், வாரத் தொடக்கத்தில் காலையிலேயே போங்கள். புதிதாக ஜாமீன்தாரர் கேட்கக்கூடும். பஹணி, ஆதார், புகைப்படத்தோடு ஒருவரை அழைத்துப் போங்கள். அபராதமோ செலவுத்தொகையோ விதித்தால் கட்டக் கொஞ்சம் பணம் இருக்கட்டும்.

ரத்தானதும் வேலை முடியவில்லை. மகாராஷ்டிரத்தில் ஒருவர் தன் மீதான வாரண்ட்டை 2002 ஆகஸ்ட்டில் கோர்ட்டில் ரத்து செய்து வாங்கினார். சில நாளிலேயே, சுதந்திர தினத்தன்று, அதே வாரண்ட்டைக் காட்டிப் போலீஸ் அவரைக் கைது செய்தது. அவரே ஒரு வக்கீல்! 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில்தான் வாரண்ட்டுகளைப் பதிவேட்டில் ஏற்றுவது, திரும்பப் பெறுவது பற்றியெல்லாம் விதிமுறை வகுத்தது. ஆகவே ரத்து உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். ஸ்டேஷனில் உள்ள வாரண்ட் கோர்ட்டுக்குத் திரும்பியதா என்று கோர்ட் டியூட்டி கான்ஸ்டபிளிடம் வக்கீல் மூலம் உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு முன்பே யாராவது பிடிக்க வந்தால், வாரண்ட்டைக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அது எழுத்தில், நீதிபதியின் கையெழுத்தோடும் கோர்ட் முத்திரையோடும் இருக்க வேண்டும். போனில் கைது செய்வது என்று சட்டத்தில் எதுவும் இல்லை. அப்படி மிரட்டுகிறவன் திருடன்.

சமரசத்தைப் பொறுத்தவரை, 2021-இல் வங்கியில் அந்தத் தொகையை எடுத்த பதிவு பாஸ்புக்கில் இருக்கிறதா, பணம் கொடுத்தது வேறு யாருக்காவது தெரியுமா, போனில் ஏதாவது செய்தி இருக்கிறதா என்று தேடி எடுங்கள். கடன் கொடுத்தவர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போடாதீர்கள். உங்கள் வக்கீல் அவர் வக்கீலிடம் பேசட்டும். ஒப்புக்கொண்டால் கூட்டு மனு போட்டோ லோக் அதாலத்திலோ முடிக்கலாம். மறுத்தால் வழக்கை நடத்தித்தான் தீர வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால், கோர்ட் வளாகத்திலுள்ள தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியபின் தங்கவயலில் பாதி வீட்டு ஆண்கள் விடிகாலை ரயிலில் பெங்களூர் போய் இரவில்தான் திரும்புகிறார்கள். சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். கோர்ட் ஃபைலில் மட்டும் இன்னும் லைன் வீட்டு முகவரி. சம்மன் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறது, அடுத்தது வாரண்ட். இதைப் படிக்கும் மற்றவர்கள் வீடு மாறினால் வக்கீலிடம் புது முகவரியைக் கொடுத்து, கோர்ட்டில் மனுப் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன மாமா. நீங்கள் வராமல் போன அன்றே அவர் எழுதிக்கொடுத்த ஜாமீன் பத்திரம் ஆபத்தில் விழுந்துவிட்டது. 446-ஆம் பிரிவின்படி, பத்திரத் தொகையை ஏன் கட்டக்கூடாது என்று கோர்ட் அவரைக் கேட்கலாம். கட்டாவிட்டால் அவர் சொத்திலிருந்து வசூலிக்கலாம். தொகையைக் குறைக்கவும் தள்ளவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் முன்னால் போய் நின்றால்தான் அதைக் கேட்க முடியும். அவருக்கு நோட்டீஸ் ஏதாவது வந்ததா, வந்து உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்கிறாரா என்று இன்றைக்கே பேத்தமங்கலாவுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

நான் ஃபைலைப் பார்க்காமல், உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து எழுதியிருக்கிறேன். இதைப் பொதுவான விளக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே தங்கவயல் கோர்ட்டில் பழக்கமுள்ள ஒரு வக்கீலை நேரில் பாருங்கள். மாமாவையும் கூட அழைத்துப் போங்கள்.