எழுந்து நிற்கையில் இறங்கும் இரத்த அழுத்தமும் அதற்குரிய மருந்துகளும்

ரிஷிவந்தியத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலே, கரும்பு வெட்டுவோரும் நாற்று நடுவோரும் குனிந்த முதுகை நிமிர்த்துங்கால் கண் இருண்டு வரப்பிலே அமர்ந்துவிடுதல் உண்டு. இதனைப் பித்தமயக்கம் என்று கூறி, எலுமிச்சஞ்சாற்றில் உப்பிட்டுக் கொடுப்பர். வெயிலில் வியர்த்து நீரும் உப்பும் குறைந்தவர்க்கு அது தக்க சிகிச்சையே. ஆயின் முதியோர் ஒருவர் படுக்கையினின்று எழுந்தோறும் தள்ளாடுவராயின் காரணம் வேறு.

மனிதன் எழுந்து நிற்கும்பொழுது, அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை இரத்தம் கால்களிலும் வயிற்றிலும் இறங்கித் தங்குகின்றது. கழுத்து நாடியிலும் மகாநாடியின் வளைவிலுமுள்ள உணர்நரம்புகள் இதனை நொடியில் மூளைக்கு அறிவிக்க, வேறு நரம்புகள் நார்அட்ரினலின் என்னும் பொருளை வெளியிட்டு இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. நீரிழிவினாலோ பார்க்கின்சன் நோயினாலோ இவ்வேற்பாடு தளர்ந்தால், நின்ற 3 நிமிஷத்துள் மேல் அழுத்தம் 20 மில்லிமீட்டரேனும் கீழ் அழுத்தம் 10 மில்லிமீட்டரேனும் குறையும். அமெரிக்க வைத்தியராகிய பிராட்பரி, எகில்ஸ்டன் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் இந்நோயைத் தெளிவாக எடுத்துரைத்தனர்.

மருந்து கொடுக்குமுன், முன்னரே உண்ணும் மருந்துகளை ஆராய்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தால், உயர் இரத்த அழுத்த மாத்திரைகள் சிற்றூர் முதியோரின் வீட்டு வாயிலுக்கே சென்றன. பெரும் நன்மையே. எனினும், அம்மாத்திரைகளுடன் சிறுநீர்த் தடைக்குரிய டாம்சுலோசினும் சேருமாயின், நள்ளிரவில் எழுபவர் விழுந்து இடுப்பெலும்பு முறிதலுங் கூடும். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரும் இவ்வியல்பினதே. பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் அழுத்தத்திற்கு அது பயன்படுமாற்றை 1949இல் வெளியிட்டார். அவ்வேரிலுள்ள ரெசர்பின், மேற்கூறிய நார்அட்ரினலினையே நரம்புகளில் வறளச் செய்வதாதலின், உண்டவர் சிலர்க்கு எழுகையில் தலைசுற்றியது.

இவற்றை வைத்தியர் மாற்றியும் குறைத்தும், உப்பும் நீரும் கூட்டியும், காலுறை அணிவித்தும் பயனில்லையேல், மருந்து வேண்டப்படும். புளூட்ரோகார்ட்டிசோன் உடலில் உப்பை நிறுத்தி இரத்தத்தின் அளவைப் பெருக்கும். பொட்டாசியத்தைக் குறைத்துக் காலை வீங்கச் செய்வதும் உண்டு. இருதயம் தளர்ந்தார்க்கு ஆகாது. மிடோட்ரின் இரத்தக் குழாய்களை நேரே சுருக்குவது. 1989இல் ஜப்பானிலும் 2014இல் அமெரிக்காவிலும் அநுமதி பெற்ற டிராக்சிடோபாவோ, உடலினுள் நார்அட்ரினலினாகவே மாறுகின்றது.

இம்மூன்றிற்கும் பொதுவான இடர் ஒன்றுண்டு. நிற்கையில் உயர்த்தும் மருந்து படுக்கையிலும் உயர்த்தும். அவ்வுயர்வு மூளைக்கும் இருதயத்திற்கும் கேடு. ஆதலின் மிடோட்ரினை மாலைக்குப்பின் உண்ணலாகாது. கடைசி வேளைக்கும் படுக்கைக்கும் இடையே 4 மணி நேரமேனும் கழிதல் வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுப்பதும் இதுபற்றியே. பிரிடோஸ்டிக்மின் என்பது படுக்கை அழுத்தத்தை அவ்வளவு உயர்த்தாது. அதன் வலியோ சிறிது.

நாற்காலியில் அமர்த்தி ஒருமுறை மட்டும் அளப்பதனால் இந்நோய் புலப்படாது. 5 நிமிஷம் படுக்கவைத்து ஒருமுறையும், நின்றபின் 1ஆம் நிமிஷத்திலும் 3ஆம் நிமிஷத்திலும் அளத்தலே முறை. நம் மாணவர் விடுமுறையில் ஊர் செல்லுங்கால், தம் பாட்டன் பாட்டியர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு, அவர்களையும் உடனழைத்துச் சென்று, இவ்வாறு அளக்கும்படி வைத்தியரை வேண்டுவாராக. மாத்திரை எதனையும் தாமே நிறுத்திவிடுதல் கூடாது.