மலை ஊர் ஆபீஸில் இன்டர்காம்: மெசேஜ் பெட்டி முதல் காலை அலாரம் வரை முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலில் ஒரு லாட்ஜிலோ பள்ளி அலுவலகத்திலோ எஸ்டேட் ஆபீஸிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தால், முதல் நாளே மேஜைமேல் இருக்கும் போனைக் காட்டி, “ரிசப்ஷனுக்கு 9, வெளியே பேச 0” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பயிற்சி அவ்வளவுதான். அந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டே சீசன் முழுக்க ஓட்டியவர்கள் உண்டு. போன்களையெல்லாம் இணைக்க சுவரில் தொங்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டிக்குள் மற்ற வசதியெல்லாம் சும்மா கிடக்கும்.

கையில் செல் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். சமவெளியில் அது நியாயமான கேள்வி. இங்கே ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்பினால் சிக்னல் போய்விடும். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போன மேனேஜரைச் செல்லில் பிடிப்பது அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இன்டர்காமோ கட்டடத்துக்குள் தன் சொந்த வயரில் ஓடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து மரமும் மின்கம்பமும் சாய்ந்ததே, அந்த மாதிரி நாளில்கூட பெட்டிக்குக் கரண்ட் இருக்கும்வரை ரிசப்ஷனிலிருந்து கடைசி காட்டேஜுக்குப் பேசலாம்.

உங்கள் பெட்டி எந்த வகை?

முதல் வேலை இதைத் தெரிந்துகொள்வது. மேஜை போனுக்கு மெல்லிய இரண்டு கம்பி வயர் வந்தால் அனலாக் வகை. பானசோனிக், வடோதராவின் மேட்ரிக்ஸ் போன்ற நிறுவனங்களின் பெட்டிகள் இதில் சகஜம். சின்ன லாட்ஜுகளுக்கு ஏற்ற பானசோனிக் 824 வகை, 3 வெளி லைன், 8 எக்ஸ்டென்ஷனில் (உள் போன்) தொடங்கும்; கார்டு சேர்த்தால் 8 லைன், 24 எக்ஸ்டென்ஷன் வரை போகும். கம்ப்யூட்டருக்குப் போடும் லேன் கேபிள் போனுக்கும் வந்தால் அது ஐபி வகை. இதில் பல இடங்களில் உள்ளே ஓடுவது ஆஸ்டெரிஸ்க் என்ற இலவச மென்பொருள். 1999இல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் எழுதியது. அதன்மேல் ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற நிர்வாகத் திரையைப் போட்டுத் தருவார்கள்.

கோடு எண்கள் பெட்டிக்குப் பெட்டி மாறும். கீழே நான் சொல்லும் எண்கள் ஃப்ரீபிபிஎக்ஸில் வழக்கமாக வைத்துத் தருபவை. உங்களுடையது வேறென்றால், பெட்டியை மாட்டியவரிடம் கோடு பட்டியலைக் கேட்டு வாங்கி, லாமினேட் செய்து போன் பக்கத்தில் ஒட்டுங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: மெசேஜ் கார்டு போட்டிருக்கிறதா? சின்ன அனலாக் பெட்டிகளில் அது தனியாக வாங்கும் பொருள். அது இல்லாமல் மெசேஜ் பெட்டியைத் தேடிப் பயனில்லை.

ஃபிளாஷ் பட்டனும் டிரான்ஸ்ஃபரும்

அனலாக் போனில் எல்லா வித்தையும் ஃபிளாஷ் பட்டனில்தான் இருக்கிறது. சில போனில் அதன்மேல் ஆங்கில எழுத்து ஆர் மட்டும் இருக்கும். அழுத்தினால் லைன் ஒரு கணம் அறுந்து மறுபடி சேரும். அந்த அறுப்பைத்தான் பெட்டி ‘இவருக்கு ஏதோ வேண்டும்’ என்று எடுத்துக்கொள்கிறது. அறுப்பு நீண்டுவிட்டால் போனை வைத்துவிட்டீர்கள் என்று நினைத்து லைனையே வெட்டிவிடும். டிரான்ஸ்ஃபர் செய்யும்போதெல்லாம் கால் கட்டானால் பழியைப் பெட்டிமேல் போடாதீர்கள். போனின் ஃபிளாஷ் நேரத்தைப் பாருங்கள். 100, 300, 600 மில்லிசெகண்ட் என்று மாற்றும் வசதி பல போன்களில் உண்டு. எது உங்கள் பெட்டிக்குப் பொருந்துகிறது என்று போட்டுப் பார்க்கலாம்.

டிரான்ஸ்ஃபர் இப்படி நடக்க வேண்டும். மதுரையிலிருந்து ஒருவர் கூப்பிட்டு அக்கவுண்ட்ஸில் பேச வேண்டும் என்கிறார்.

“அண்ணே, ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, கொடுக்கிறேன்.”

ஃபிளாஷை அழுத்துங்கள். டயல் டோன் வரும். மதுரைக்காரர் ஹோல்டில் போய்விட்டார், இனி நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. அக்கவுண்ட்ஸ் எண்ணை அடியுங்கள், 205 என்று வைத்துக்கொள்வோம். அவர் எடுத்ததும், “அக்கா, மதுரைல இருந்து பில் விஷயமா கேக்குறாங்க, தரட்டுமா?” என்று கேளுங்கள். சரி என்றால் ரிசீவரை வையுங்கள், இருவரும் சேர்ந்துவிடுவார்கள். அவர் எடுக்காவிட்டால் மறுபடி ஃபிளாஷ் அழுத்தி மதுரைக்காரரிடம் திரும்புங்கள்.

205ஐ அடித்த கையோடு, யார் எடுக்கிறார்கள் என்று பார்க்காமலே ரிசீவரை வைப்பதும் ஒரு முறைதான். வேகமானது. ஆனால் ஆளில்லாத மேஜையில் மணி அடித்துக்கொண்டே இருக்க, வாடிக்கையாளர் வெறுத்துப்போவது அதில்தான். புதியவர்கள் சேர்ந்த மாதம் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. ஐபி போனில் டிரான்ஸ்ஃபருக்குத் தனி பட்டனே இருக்கும், இந்தத் தலைவலி கிடையாது.

பார்க்கிங், பிக்கப், ஃபார்வர்டு

இந்த மூன்றில் லாட்ஜுக்கு அதிகம் உதவுவது பார்க்கிங். மேனேஜருக்கு ஒரு கால் வருகிறது; அவர் தோட்டத்தில் எங்கேயோ இருக்கிறார், எந்தப் போன் அவருக்குப் பக்கம் என்று தெரியவில்லை. அந்தக் காலை 70க்கு டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள். ‘71’ என்று ஒரு குரல் சொல்லும். ஆளை விட்டு மேனேஜரிடம், “71ல கால் இருக்கு சார்” என்று சொன்னால் போதும். அவர் எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்தும் 71 அடித்து எடுத்துக்கொள்வார். ரொம்ப நேரம் யாரும் எடுக்காவிட்டால் பொதுவாக அது வைத்தவருக்கே திரும்பி வரும்.

பக்கத்து மேஜை போன் அடித்தால் எழுந்து ஓட வேண்டியதில்லை. உங்கள் போனில் *8 அடியுங்கள், கால் உங்களிடம் வரும். இருவரையும் ஒரே பிக்கப் குழுவில் சேர்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வரும் கால்களை வேறு எண்ணுக்குத் திருப்பும் ஃபார்வர்டுக்கு *72, அதை எடுக்க *73. தொந்தரவு வேண்டாம் என்பதற்கு *78, எடுக்க *79. வைத்ததை எடுக்க மறப்பதுதான் இதில் பெரிய வியாதி. ‘மூன்று நாளாகப் போனே வரவில்லை’ என்ற புகார் வந்தால் வயரைத் தேடும் முன் *79 அடித்துப் பாருங்கள்.

மெசேஜ் பெட்டி

இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் பயன்படுத்துவதில்லை. ராத்திரி பதினொன்றுக்குச் சென்னையிலிருந்து கூப்பிடும் குடும்பம், சாமி தரிசனம் முடித்துப் பழனியிலிருந்து மேலே வர இடம் கேட்பவர், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பள்ளிக்குக் கூப்பிட்டுக் கேட்கும் அம்மா, எல்லோருக்கும் கடைசி வழி இதுவே.

முதல்முறை அமைக்க: *97 அடியுங்கள். பாஸ்வேர்டு கேட்கும். மாட்டியவர் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன் எண்ணையோ 1234ஐயோதான் வைத்திருப்பார். உள்ளே போனதும் 0 அடித்து, பிறகு 5 அடித்து அதை மாற்றுங்கள். இந்த வேலையை நாளைக்குத் தள்ளாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. மறுபடி 0 அடித்து 1 அடித்தால் ஆள் இல்லாதபோது ஒலிக்கும் குரலைப் பதியலாம். 2 அடித்தால் வேறு லைனில் இருக்கும்போது ஒலிப்பது. 3 உங்கள் பெயர். 4 தற்காலிகக் குரல். லீவில் போகும்போது 4 மட்டும் போதும். திரும்பி வந்து அழித்தால் பழைய குரல் தானே வந்துவிடும்.

குரல் பதிவு சுருக்கமாக இருக்கட்டும். “வணக்கம், அக்கவுண்ட்ஸ் பிரிவு. இப்போது எடுக்க முடியவில்லை. உங்கள் பெயரையும், போன் நம்பரை இரண்டு முறையும் சொல்லுங்கள். மாலைக்குள் கூப்பிடுகிறோம்.” நம்பரை இரண்டு முறை என்பதை விடாதீர்கள். மலைப்பாதையில் காரிலிருந்து பேசுபவரின் குரல் விட்டு விட்டுத்தான் கேட்கும். முதல்முறை விழுங்கிய இலக்கம் இரண்டாம் முறையில் கிடைக்கும்.

கேட்பதற்கு: மெசேஜ் வந்திருந்தால் போனில் சிவப்பு விளக்கு எரியும். விளக்கில்லாத போன்களில் ரிசீவரை எடுத்ததும் டயல் டோன் விட்டு விட்டு வரும், அதுதான் அடையாளம். *97, பாஸ்வேர்டு, 1. புது மெசேஜ் ஓடும். திரும்பக் கேட்க 5, அடுத்ததுக்கு 6, முந்தையதுக்கு 4, அழிக்க 7, சேமிக்க 9. ஐபி பெட்டியில் மெசேஜை ஒலிக் கோப்பாக மெயிலுக்கு அனுப்பவும் சொல்லலாம். முதலாளி மதுரையில் இருந்தால் இது பெரிய வசதி.

இவ்வளவு செய்தும் பல ஆபீஸில் பெட்டி நிரம்பி வழியும். காரணம், பெட்டியை யார் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருடைய வேலையும் யாருடைய வேலையும் இல்லை. ஷிப்டுக்கு ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். காலை வந்ததும், மதியச் சாப்பாட்டுக்கு முன், ஷிப்டு முடியும் முன் கேட்க வேண்டும். ஒரு கோடு போட்ட நோட்டில் நேரம், பெயர், நம்பர், திரும்ப யார் கூப்பிட்டார் என்று நான்கு கட்டம். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன் என்பதை நான் ஏற்பதில்லை. அங்கே எல்லோரும் பார்ப்பார்கள், ஒருவரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். ஆள் போட முடியாத எக்ஸ்டென்ஷனில் மெசேஜ் பெட்டியை நிறுத்திவிடுங்கள். கேட்காத பெட்டி வாக்குத் தவறுவதற்குச் சமம்.

சீசனுக்கான வரவேற்புக் குரல்

ஏப்ரல், மே மாதங்களில் வரும் கால்களில் முக்கால்வாசி ஒரே கேள்விகள்: ரூம் இருக்கா, இ-பாஸ் வேணுமா, ரோடு எப்படி இருக்கு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் தினம் 4000 வண்டி, வார இறுதியில் 6000 என்று வரம்பும் வைத்தார்கள். இதை ஆளாளுக்கு வாய் வலிக்கச் சொல்வதற்குப் பதில் பெட்டியைச் சொல்ல வையுங்கள்.

“வணக்கம். அறை முன்பதிவுக்கு 1, இங்கே தங்கியிருப்பவரோடு பேச 2, இ-பாஸ், மலைப்பாதை விவரத்துக்கு 3, ரிசப்ஷனுக்கு 9.”

இதற்கு மேல் நீட்டாதீர்கள். ஐந்தாறு எண் கேட்டவர் முதல் எண்ணை மறந்திருப்பார். கேரளத்திலிருந்து நிறையப் பேர் வரும் இடமென்றால் மலையாளத்திலும் பதியலாம். 3இல் இருக்கும் குரலை மட்டும் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். பழனி பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்திய நாளில் ‘பாதை நன்றாக இருக்கிறது’ என்று பெட்டி சொன்னால், வந்து சேர்பவர் உங்களைத்தான் திட்டுவார். தினம் மாற்ற முடியாதென்றால் அதில் இ-பாஸ் மட்டும் சொல்லி, ரோட்டுக்கு ரிசப்ஷனிடம் அனுப்புங்கள்.

காலை அலாரம்

கொடை ரோடு ஸ்டேஷன் இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். இறங்க இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். காலை ரயிலுக்குப் போகிறவரை எழுப்ப *68 அடித்து நேரத்தைக் கொடுக்கலாம். பெட்டியின் கடிகாரம் சரியா என்று பாருங்கள். கரண்ட் போய் வந்ததும் நேரம் குழம்பும் பழைய பெட்டிகள் உண்டு.

இடியும் கரண்ட்டும்

சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இங்கே இடி பலம். காட்டேஜுக்குக் காட்டேஜ் வெட்டவெளியில் வயர் இழுத்திருந்தால் மின்னல் அந்த வழியாகத்தான் பெட்டிக்குள் வரும். வயர்கள் வந்து சேரும் பலகையில் ஒவ்வொரு லைனுக்கும் சர்ஜ் பாதுகாப்பு வேண்டும், அதற்கு ஒழுங்கான எர்த்தும் வேண்டும். எர்த் இல்லாத சர்ஜ் பாதுகாப்பு வெறும் அலங்காரம். இடி பக்கத்தில் விழும்போது வயர் போனில் யாரும் பேசக் கூடாது.

பழைய செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது. ஊரே இருட்டானாலும் போன் பேசியது. ஃபைபரில் அது கிடையாது. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், இபிஏபிஎக்ஸ் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுங்கள், ஒன்று விட்டாலும் போன் செத்துவிடும். செம்பு லைன் இன்னும் இருந்தால், கரண்ட் போனதும் முதல் வெளி லைன் ஒரு குறிப்பிட்ட எக்ஸ்டென்ஷனோடு நேராகச் சேரும் வசதி பல பெட்டிகளில் உண்டு. அது எந்தப் போன் என்று பார்த்து ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டி வையுங்கள்.

பூட்டும் அவசர எண்ணும்

பாஸ்வேர்டை உடனே மாற்றச் சொன்னதற்குக் காரணம் இது. வெளியிலிருந்து கூப்பிட்டு, பாஸ்வேர்டு கொடுத்து, உங்கள் லைன் வழியாகவே வேறு எண்ணுக்குப் பேசும் வசதி பல பெட்டிகளில் இருக்கிறது. 1234 என்று விட்டுவைத்தால் ராத்திரியில் யாரோ வெளிநாட்டுக்குப் பேசுவார்கள், பில் உங்களுக்கு வரும். அந்த வசதி தேவையில்லை என்றால் மூடச் சொல்லுங்கள். ஐஎஸ்டியை எல்லா எக்ஸ்டென்ஷனிலும் பூட்டிவிட்டு ஒன்றில் மட்டும் திறந்து வைக்கலாம். ‘கூரியரிலிருந்து பேசுகிறேன், *401# போட்டு இந்த நம்பரை அடியுங்கள்’ என்று ஊழியர்களின் செல்லுக்கு வரும் மோசடியும் ஃபார்வர்டு வித்தைதான்: உங்கள் கால் அவனுக்குப் போகும், வங்கி ஓடிபி சொல்லும் கால் உட்பட. அதனால்தான் தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் அந்த வழி ஃபார்வர்டை நிறுத்தி வைக்கச் சொன்னது.

பூட்டும்போது 112ஐயும் 108ஐயும் பூட்டிவிடக் கூடாது. அதோடு, பல பெட்டிகளில் அவற்றுக்கும் முன்னால் 0 சேர்க்க வேண்டும். அறையில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு அது தெரியாது. 0 போடாமலும் போகும்படி அமைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் ‘0-108’ என்று ஸ்டிக்கர் அடித்து ஒவ்வொரு போனிலும் ஒட்டுங்கள். வெளி லைனில் அறை எண் தெரியாது. எனவே அறையிலிருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட கையோடு 9ஐயும் அழைக்க வேண்டும் என்று அதே ஸ்டிக்கரில் எழுதுங்கள். கேட்டில் டார்ச்சோடு ஓர் ஆள் நின்றால்தான் வண்டி சரியான காட்டேஜுக்கு வரும்.