லைன் முதல் லயம் வரை

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே பொருளை மனப்பாடம் செய்துகொள்வது, தமிழ்ப்பள்ளியில் பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நம்மில் பலரிடம் உள்ள பழக்கம். ‘லைன்’ என்றால் கோடு, அத்தோடு முடிந்தது! பிறகு மூயட் தேர்வின் வாசிப்புத் தாளில் அதே சொல் வேறு வேடத்தில் வந்து நிற்கும்போது வாக்கியமே விளங்காமல் போகிறது. அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்து, வேர் முதல் கிளை வரை பார்ப்போம், வாருங்கள்.

வேர்

இதன் மூலம் இலத்தீன் மொழியின் ‘லீனியா’. ஆளிச்செடியின் நாரில் திரித்த நூல் என்பது பொருள். ‘லினன்’ துணியும் இதே குடும்பம்தான். நூலை இழுத்துப் பிடித்தால் கோடு. கோட்டில் நின்றால் வரிசை. வரிசையாக எழுதினால் வரி. இப்படித்தான் பொருள் விரிந்தது.

நமக்கும் இது புதிதன்று. பஞ்சில் திரிப்பதும் நூல், நாம் படிப்பதும் நூல். இரண்டுக்கும் உள்ள ஒப்புமையைப் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்திலேயே விளக்கியிருக்கிறார். மலாய்மொழியிலும் கயிற்றைக் குறிக்கும் ‘தாலி’யிலிருந்தே தொலைபேசி இணைப்புக்குத் ‘தாலியான்’ என்ற சொல் பிறந்தது. (நம் தாலியை நினைத்துச் சிரிக்க வேண்டாம்!)

கிளைகள்

துணி காயப்போடும் ‘லைன்’ கொடி. தூண்டிலில் இருப்பது கயிறு. கடையில் நிற்பது வரிசை. கவிதையில் அடி, உரைநடையில் வரி, நாடகத்தில் வசனம், முகத்தில் சுருக்கம். “உங்கள் லைன் என்ன?” என்று கேட்டால் தொழில். ஆங்கிலம் ஒரு சொல்லால் சமாளிப்பதற்குத் தமிழில் எட்டுச் சொற்கள் இருக்கின்றன. எந்தச் சொல் பொருந்தும் என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மரபுத்தொடர்கள்

‘ரீட் பிட்வீன் த லைன்ஸ்’ – எழுதாமல் விட்டதையும் புரிந்துகொள்வது. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளதை நினைவிற்கொள்க.

‘டிரா த லைன்’ – இதற்குமேல் முடியாது என்று எல்லை வகுப்பது.

‘டிராப் மீ எ லைன்’ – கயிற்றைக் கீழே போடச் சொல்லவில்லை. இரண்டு வரி எழுதிப் போடு என்கிறார்கள்.

‘டோ த லைன்’ – இங்கே ‘டோ’ கால்விரல். விரல்நுனி கோட்டில் இருக்குமாறு நிற்பது, அதாவது கட்டளைக்கு அடங்கி நடப்பது.

‘டெட்லைன்’ – அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865) சிறைமுகாம்களில் ஓர் எல்லைக்கோடு இருந்தது. தாண்டிய கைதி சுடப்படுவான். இன்று நாம் இடுபணியை ஒப்படைக்கும் கடைசி நாளுக்கு அந்தப் பெயர்!

தோட்டத்தில்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டிக்கு ஆங்கிலம் ஓரெழுத்தும் தெரியாது. ஆனாலும் இந்தச் சொல்லுக்குள்தான் அவர் வாழ்ந்தார். படைவீரர்களின் குடியிருப்பு வரிசைகளை ஆங்கிலேயர் ‘லைன்ஸ்’ என்றனர். பினாங்கில் ‘சிப்பாய் லைன்ஸ்’ என்ற பெயரில் இன்றும் சாலை உண்டு. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கும் அதே பெயரையே சூட்டினார்கள். நம்மவர் அதை ‘லயம்’ ஆக்கி, மரம் ‘மரத்தில்’ ஆவதுபோல் ‘லயத்தில்’, ‘லயத்துக்கு’ என்று வேற்றுமை உருபும் ஏற்றிவிட்டார்கள். இசையின் லயம் வேறு, இது வேறு.

ஆனால், தாம் வெட்டிய மரவரிசையைப் பாட்டி ‘லைன்’ என்றதில்லை. அது ‘நிரை’. ஆநிரையிலும் நிரையசையிலும் நாம் காணும் அதே பழந்தமிழ்ச் சொல். குடியிருந்த வீட்டின் பெயர் துரையுடையது. செய்த வேலையின் பெயர் தமிழாகவே இருந்தது.

இடைநிலைப்பள்ளிக் காலத்தில் ‘லயத்துப் பையன்’ என்ற கேலி என் காதில் விழுந்ததுண்டு. சொன்னவர்களும் தமிழர்களே. அந்த லயம் இன்று இல்லை. அங்கே செம்பனை நிற்கிறது. ஈப்போவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் பாட்டி மட்டும், “நம்ம லயத்துல…” என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார். கேட்கும் எனக்கு அதில் கேலி எதுவும் தெரியவில்லை.

தோழர்களே, அடுத்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களிடம் பெரட்டு, தண்டல், கிராணி, நிரை என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்களுக்குப் பின் இச்சொற்களை விளக்கிச் சொல்ல ஆள் இருக்காது. ஆங்கிலச் சொல்லைப் படிக்கும்போது, அதற்கு நிகரான தமிழ்ச்சொற்களையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மொழியும் வளரும்.