சரத்தில் தொங்கும் சரக்கும் பிள்ளைகளின் வயிறும்

கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைப் பார்க்கப் பள்ளிச் சுற்றுலா பஸ் வந்து நின்றால், பிள்ளைகள் முதலில் ஓடுவது கடைகளுக்குத்தான். ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ச் சரங்கள் அரை மணியில் காலியாகும். மொத்தமாகச் சரக்குப் போடும் நமக்கும் அதில் லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சுற்றுலா என்பது வருடத்துக்கு ஒரு நாள். உள்ளூர்ப் பிள்ளை தினம் மூன்று தடவை அதே சரத்துக்கு வந்தால் அது வேறு விஷயம்.

பசித்துத் தின்பது ஒன்று, வாய்க்கு வேலை கொடுப்பது இன்னொன்று. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டச் சுமார் 20 நிமிடம் ஆகும். டிவியோ செல்போனோ பார்த்துக்கொண்டு தின்னும் பிள்ளை அதற்குள் அடுத்த பாக்கெட்டைப் பிரித்துவிடுகிறது. காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு ஓடியது மாலையில் இரண்டு பங்காகத் தின்பதும் வழக்கம்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 5 முதல் 19 வயதுக்குள் எடை மிகுந்தோர் 1990-இல் நூற்றுக்கு 8 பேர்; 2022-இல் 20 பேர். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு எல்லாம் இன்று பள்ளி வயதிலேயே வருகின்றன. எடை கூடிய பிள்ளையின் பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தால் அழுக்கென்று தேய்க்கிறார்கள். அது சர்க்கரை நோய்க்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும். "குண்டு" என்று கடை வாசலில் கேலி பேசுவது கூடவே கூடாது. கேலிக்குப் பயந்து ஒளித்துத் தின்னும் பிள்ளைகள் உண்டு.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். 2020-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கப் பழகுங்கள். சோடியம் 400 மில்லிகிராம் என்றால் ஒரு கிராம் உப்பு. கால் லிட்டர் கோலாவில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கிறது.

கம்பெனிக்காரர் ஸ்கீம் கொடுக்கிறார் என்பதற்காகக் கடை முகப்பு முழுவதையும் சரமாக்க வேண்டியதில்லை. அவற்றைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வாழைத்தார் வைக்கலாம். வீட்டுக் கணக்கில் பிள்ளை எழுதச் சொல்லி வாங்குவதைப் பற்று நோட்டில் தனிப் பக்கமாக எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்தக் கூட்டுத்தொகையை அப்பாவிடம் தனியாகச் சொன்னால், மேற்கொண்டு செய்ய வேண்டியதை வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்.