சாராயத்தை விட்டவருக்கு ஊர் செய்ய வேண்டுவது

மரக்காணம் கடற்கரையில், எக்கியார்குப்பத்தில் 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் நேர்ந்த கொடுமையைப் பிரம்மதேசம் வட்டாரத்தார் மறந்திருக்க இயலாது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து, அங்கும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அவ்விதமே உயிர் இழந்தனர். அதன் பின் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பெற்றுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டம் செய்யும். ஊர் செய்ய வேண்டியது யாது என்பதையே ஈண்டு ஆராய்வோம்.

விற்பவரும் நோயாளியாதல்

உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்ப்போம். பெயர் வேண்டுவதில்லை, இத்தகையவரை நம்மில் பலர் அறிவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் மூழ்குகின்றன, கூலி நிற்கிறது. உடல் வலிக்கென்று தொடங்கிய குடி நாள்தோறும் வேண்டியதாகிறது. கையில் காசில்லாதபோது ஒருவர் சரக்கைக் கடனாகத் தந்து, "விற்றுக் கொடு, உன் பங்கை நீ குடித்துக்கொள்" என்கிறார். அன்று முதல் அவர் விற்பவர். ஊரார் அவரைக் கண்டு அஞ்சுகின்றனர். அவரோ காலையில் கை நடுக்கம் தீரக் குடித்தாக வேண்டிய நிலையில் இருக்கிறார். தாம் விற்பதில் மெத்தனால் உள்ளதா என்பதும் அவருக்குத் தெரியாது. மணத்தாலும் சுவையாலும் அதைப் பிரித்தறிய இயலாது.

மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கிறது. தீங்கு உடனே தெரிவதில்லை. பல மணி நேரம் கழித்தே வாந்தி, வயிற்று வலி, பார்வை மங்கல், மூச்சிரைப்பு முதலியன தோன்றும். போதை தெளியட்டும் என்று படுக்க வைப்பது உயிரைப் போக்கிவிடும். உடனே மருத்துவமனை சேர்த்தால் மாற்று மருந்தாலும் இரத்தச் சுத்திகரிப்பாலும் பிழைக்க வழியுண்டு.

திடீரென நிறுத்துவதில் உள்ள ஆபத்து

மேற்சொன்ன இளைஞர் ஒருநாள் மனம் மாறுகிறார் எனக் கொள்வோம். வீட்டார் மகிழ்ந்து கோயிலில் கயிறு கட்டுகின்றனர். உறுதி எடுப்பது நன்றே. ஆயினும் நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் காணும். சிலருக்கு இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் மனம் குழம்பி, இல்லாதவற்றைக் காண்பதும் உண்டு. அது உயிருக்கே ஆபத்தானது. எனவே முதலில் அரசு மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். உறுதியையும் மருத்துவத்தையும் இணைத்தே நடத்துக. உணவில் தெரியாமல் மருந்து கலந்து கொடுத்தல் ஒருபோதும் கூடாது. சில மருந்துகள் சாராயத்தோடு சேர்ந்தால் பெருங்கேடு விளையும்.

ஊரே மருத்துவமனையாகலாம்

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அவர்கள், 1980-இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். நகர மருத்துவமனைக்கு வர இயலாத ஏழைக் குடும்பங்களுக்காக, அந்நிறுவனம் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் முகாம் நடத்திச் சிகிச்சை அளித்தது. நோயாளிகள் ஏறத்தாழ இரு வாரம் ஊரிலேயே தங்கினர். மனைவியரும் உறவினரும் கலந்துகொண்டனர். இடமும் உதவியும் ஊராரால் கிடைத்தன. சிகிச்சை முடிந்து திரும்புவோரைக் கண்காணிக்கவும் ஊரே துணை நின்றது. கிராமத்தில் இது இயலாது என்போர்க்கு மஞ்சக்குடியே விடை.

இன்னொரு வழியும் உண்டு. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளிகளாகிய ஒரு பங்கு வணிகரும் ஒரு மருத்துவரும் சந்தித்து, ஒருவரையொருவர் தாங்கினர். அச்சந்திப்பிலிருந்து பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இன்று தமிழ்நாட்டிலும் நடைபெறுகின்றன. குடித்து மீண்டவர் கூறும் சொல், குடிப்பவர் செவியில் எளிதில் ஏறும். அவ்விளைஞரும் மீண்டபின் இன்னொருவருக்குத் துணையாகலாம்.

திரும்பி வந்தபின்

கடினமான காலம் இதுவே. அவர் சிகிச்சை முடிந்தோ சிறையிலிருந்தோ திரும்பும்போது, வீட்டில் கடன் நிற்கிறது. சரக்குத் தந்தவர் வாசலில் நிற்கிறார். வேலை தருவார் இல்லை. டீக்கடையிலும் "சாராயக்காரன்" என்ற பெயரே. ஊர் அவருக்கு வேறு இடம் தராவிடில், பழைய இடத்திற்கே அவர் செல்வார். ஒருவர் வீழ்ந்தால் வெற்றிடத்தில் மற்றொருவர் விற்பார், நஷ்டம் ஊருக்கே.

ஆதலின் ஊராட்சி உறுப்பினர்கள் பின்வருவனவற்றை மேற்கொள்ளலாம்:

1. சரக்குத் தந்தவர் மிரட்டினால் அவரைத் தனியே விடாது உடன் சென்று காவல் நிலையத்தில் முறையிடுதல். 10581 என்ற எண்ணில் மதுவிலக்குப் புகார் கூறலாம்.

2. சாராயத் தொழிலை விட்டோருக்குக் கறவை மாடு, சிறு கடை முதலியவற்றிற்கென அரசு வழங்கும் மறுவாழ்வு நிதியைப் பற்றி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்து, விண்ணப்பம் எழுத உதவுதல்.

3. உப்பளத்திலோ வயலிலோ முதல் மாதத்தில் நாள்தோறும் கூலி கிடைக்கச் செய்தல். கூலியை மனைவியின் கையில் சேர்க்கலாமா என்பதை இருவரையும் கேட்டு முடிவு செய்க.

4. போதை ஒழிப்பு உதவிக்கான 14446 என்ற எண்ணைப் பள்ளியிலும் நியாய விலைக் கடையிலும் எழுதி வைத்தல்.

5. அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபையில், பெயர் குறிப்பிடாமல், சிகிச்சைக்கு உதவ முன்வருவோர் யார் எனக் கேட்டுப் பட்டியல் எழுதுதல்.

மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டால், "இவன் திருந்தான்" என்று கைவிடுதல் தகாது. பயிரில் பூச்சி மறுபடியும் வந்தால் நாம் நிலத்தைத் தரிசாக விடுவதில்லை, மறுமுறையும் கவனிக்கிறோம். குடிநோயும் திரும்பி வரக்கூடியதே. மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக.

விஷச் சாராயத்தால் மாண்டவர்க்கு ஊர் செய்யத்தக்க மரியாதை ஒன்றுண்டு. அடுத்து விற்பதற்கும் குடிப்பதற்கும் ஒருவர் கூட நம் ஊரில் மிஞ்சாதிருக்கச் செய்வதே அது. அவ்வேலை, மனம் திரும்பிய ஒருவருக்கு நாம் தரும் ஒரு நாள் கூலியிலும், ஒரு குவளைத் தேநீரிலும் தொடங்குகிறது.