மாற்றுப் பாதை முன்கூட்டியே தயாரா?

சரக்கு வாங்குவது வியாபாரத்தில் பாதி வேலைதான். அது உரிய நேரத்தில் கடைக்கு வந்து சேர்வதே மீதிப் பாதி. பல நாடுகளைக் கடக்கும் பாதை ஓரிடத்தில் அறுந்தால் என்னவாகும்? ஜேர்மனியின் ரஸ்டாட் நகரம் இதற்கு நல்ல பாடம்.

நெதர்லாந்தின் ரொட்டர்டாம் துறைமுகத்தையும் இத்தாலியின் ஜெனோவாவையும் இணைக்கும் புகையிரதப் பாதை அவ்வழியே செல்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 200 சரக்கு ரயில்கள் ஓடிய பாதை அது. 2017 ஓகஸ்ட் 12ஆம் திகதி, கீழே புதிய சுரங்கம் தோண்டியபோது நிலம் இறங்கித் தண்டவாளம் வளைந்தது. ஒக்டோபர் 2 வரை பாதை மூடப்பட்டது.

பிரான்ஸ் வழியாக மாற்றுப் பாதை இருந்தது. ஆனால் பிரெஞ்சு மொழியும் அந்தப் பாதையும் தெரிந்த சாரதிகள் போதவில்லை. லொறிகளும் ரைன் நதிப் படகுகளும் முழுச் சரக்கையும் ஏற்க முடியவில்லை. மொத்த நட்டம் சுமார் 200 கோடி யூரோ என, சரக்குத்துறைச் சங்கங்களுக்காகச் செய்யப்பட்ட ஆய்வு கணக்கிட்டது. அதன் பின்னரே, 2018இல், மாற்றுப் பாதைகளை அயல்நாடுகள் முன்கூட்டியே பேசி வைக்கும் பொது நடைமுறை வகுக்கப்பட்டது.

நாமும் மூன்று விடயங்களைக் கவனிப்போம்.

1. நமது சரக்கு வரும் வழியில் மாற்று இல்லாத இடம் எது?

2. இரண்டாவது வழிக்குரிய முகவரையும் கட்டணத்தையும் இப்போதே அறிந்து வைத்திருக்கிறோமா?

3. தாமதத்தின் நட்டம் யாருக்கு? வழமையான சரக்குக் காப்புறுதி, தாமதத்தால் வரும் நட்டத்தை ஏற்பதில்லை. எனவே கொள்வனவு ஒப்பந்தத்திலேயே அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பாதை அடைபட்ட பின் தேடும் மாற்று வழிக்கு விலை அதிகம்.